வாசகர் கேள்வி-பதில்: வடக்கே போனவர்களும் எழுதி வைத்தவையும்

வடதுருவ வட்டத்தை ஒட்டி வாழும் பழங்குடிகள் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்டன: இதையெல்லாம் யார் போய்ப் பார்த்து எழுதினார்கள், எப்படி எழுதினார்கள், எவ்வளவு நம்பலாம்? அந்தக் கடிதங்களுக்கு மட்டும் இந்த மாதம் பதில்.

வடக்குப் பழங்குடிகள் பற்றி முதல் ஆய்வு நூல் எழுதியவர் அங்கே போனதே இல்லையாமே? (வாசகர், நாகர்கோவில்)

ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்ட முதல் தனி நூல் என்று கேட்டால், ஆமாம். 1673இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் லத்தீனில் அச்சான ‘லாப்போனியா’. எழுதியவர் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஹான்னஸ் ஷெஃபெரஸ். விஷயம், ஸ்காண்டிநேவியாவின் வடக்கே ரெண்டீர் (பனிமான்) மேய்க்கும் சாமி மக்கள்.

நூல் பிறந்த காரணம் வேடிக்கையானது. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படை ஜெயித்ததற்குச் சாமி மந்திரவாதிகளின் பில்லிசூனியம்தான் காரணம் என்று எதிரிகள் கிளப்பிவிட்டிருந்தார்கள். அந்தப் பேச்சை அடக்க, அரசின் உயர் அமைச்சர் டெ லா கார்டி இந்த நூலை எழுதச் சொன்னார். ஷெஃபெரஸ் உப்சாலாவிலேயே உட்கார்ந்து, வடக்கே இருந்த பாதிரியார்களிடமிருந்து வந்த அறிக்கைகளைத் தொகுத்தார். பாதிரியாருக்குச் சாமி மக்களின் மேளம் சாத்தானின் கருவி. அந்தக் கண்ணோட்டம் நூலிலும் ஏறியிருக்கிறது. ஆனால் ஒலாவுஸ் சிர்மா என்ற சாமி மாணவர் உப்சாலாவில் படித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன இரண்டு காதல் பாட்டுகளை, சாமி மொழியிலேயே லத்தீன் பெயர்ப்போடு சேர்த்திருக்கிறார் ஷெஃபெரஸ். மற்ற பக்கங்கள் பழசாகிவிட்டன. அந்த இரண்டு பாட்டுகள் ஆகவில்லை.

ஜார் அரசுக்குச் சைபீரியப் பழங்குடிகளின் பழக்கவழக்கங்கள் எதற்கு? அறிஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பும் அளவுக்கு அதில் என்ன இருந்தது? (வாசகர், திருச்சி)

மென்மயிர்த் தோல் இருந்தது. ‘யசாக்’ என்று ஒரு வரி. பழங்குடி ஆண்கள் சேபிள் போன்ற விலங்குகளின் தோலாகக் கட்ட வேண்டும். எந்த ஆற்றங்கரையில் எந்தக் குலம், எத்தனை ஆண்கள், யார் தலைவர் என்று தெரியாமல் வரி வசூலிக்க முடியாது. அறிவியல் ஆர்வமும் உண்மைதான், ஆனால் வழியை முதலில் திறந்தது வரிப் பதிவேடு.

1733 முதல் 1743 வரை நடந்த இரண்டாம் கம்சட்கா பயணத்தில் வரலாற்றாசிரியர் கெர்ஹார்ட் ஃபிரீட்ரிஹ் முல்லர் போனார். 1740இல், தனக்குப் பதிலாக வந்த ஃபிஷருக்கு என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று அவர் எழுதிக்கொடுத்த கட்டளைக் குறிப்பில் 1,287 அம்சங்கள். அவற்றில் 923 மக்களின் வழக்கங்களைப் பற்றியவை: உடை, குடியிருப்பு, பிள்ளைப்பேறு, சத்தியம் செய்யும் முறை, பிணம் அடக்கும் முறை என்று. எல்லா மக்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டால் பிறகு ஒப்பிடலாம் என்பது அவர் கணக்கு. மக்களின் வாழ்க்கைமுறையைப் பார்த்து எழுதும் இனவரைவியல் ஒரு தனித்துறையாக உருவானதை இந்தப் பட்டியலிலிருந்து தொடங்கிச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கும் அது சரியென்றே படுகிறது.

ரஷ்யாவின் கிழக்கோரத் தீபகற்பமான கம்சட்காவை முல்லர் எட்டிப் பார்க்கவில்லை. மாணவர் ஸ்டெபான் க்ராஷெனின்னிகோவை அனுப்பினார். 1737 அக்டோபரில் ஒகோட்ஸ்கில் அவர் ஏறிய ‘ஃபார்ச்சுனா’ கப்பலில் தண்ணீர் புகுந்தது. சரக்கையெல்லாம் கடலில் எறிந்ததில் அவருடைய உணவு மூட்டைகளும் போய், உடுத்திய சட்டையோடு கரை சேர்ந்தார். நான்கு ஆண்டு கம்சட்காவின் பழங்குடிகளான இட்டெல்மென் மக்களிடையே சுற்றி எழுதிய நூல் 1755இல், அவர் இறந்த ஆண்டில் வெளிவந்தது. அதில் கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று: பல இடங்களில் மொழிபெயர்த்தவர்கள் கோசாக்குகள், அதாவது ஜார் அரசின் படைவீரர்கள். வரி வாங்குகிற ஆள் பக்கத்தில் நிற்கும்போது “உங்களுக்கு எத்தனை வலை, எத்தனை நாய்?” என்ற கேள்விக்கு எவன் உள்ளதைச் சொல்வான்? சமையல், மீன் உலர்த்தல், சறுக்குவண்டி பற்றிய பக்கங்களை நம்பலாம். எண்ணிக்கைகளைக் கொஞ்சம் தள்ளியே வைத்துப் படிக்க வேண்டும்.

ஃபிரான்ஸ் போவாஸ் பாஃபின் தீவில் என்னதான் செய்தார்? அவரை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்? (வாசகி, புதுச்சேரி)

பின்னாளில் அமெரிக்க மானிடவியலின் முன்னோடியான அவர், கனடாவின் வடக்கே உள்ள அந்தத் தீவுக்குப் போனது நிலப்படம் வரைய. 1883இல் ஜெர்மனியிலிருந்து கிளம்பும்போது அவருக்கு வயது 24. பௌதிகம் படித்துப் புவியியலுக்கு வந்தவர். அங்கே கம்பர்லாண்ட் சவுண்ட் என்ற கடற்குடாவில் ஸ்காட்லாந்துத் திமிங்கில வேட்டைக்காரர்கள் வைத்திருந்த நிலையத்தில் தங்கினார். நிலையத்துக்குப் பொறுப்பாளர் ஜேம்ஸ் மட்ச் அவருக்கு மொழிபெயர்ப்பாளர், அங்குள்ள பழங்குடிகளான இனுயிட் மக்களில் சிக்னா என்ற வேட்டைக்காரர் வழிகாட்டி. பென்சிலும் தாளும் கொடுத்து, தாங்கள் போய்வரும் கடற்கரையை இனுயிட்களையே வரையச் சொன்னார். அவர்கள் வரைந்தவை அவருடைய அளவைக் குறிப்புகளுக்குத் துணைநின்றன.

இரண்டு விஷயங்கள் கெட்டுப்போயின. அந்தக் குளிர்காலத்தில் நாய்களுக்கு நோய் வந்து பாதிக்கு மேல் செத்தன. நாய் இல்லையென்றால் வண்டி இல்லை. இக்லூலிக் பக்கம் போகும் திட்டம் அதோடு முடிந்தது. கூடவே தொண்டை அடைப்பான் பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். வந்த வெள்ளைக்காரனால்தான் இது என்று பேச்சு எழுந்து, நபெக்கின் என்ற ஷாமன் (ஆவிகளோடு பேசும் பூசாரி) அவரோடு யாரும் சேரக்கூடாது என்றார். போவாஸ் என்ன செய்தார்? தோட்டா, வெடிமருந்து வியாபாரத்தை நிறுத்துவேன் என்று மிரட்டிக் காரியத்தைச் சாதித்துக்கொண்டார். களப்பணியின் தந்தை என்று புகழும் புத்தகங்கள் இந்த இடத்தைச் சட்டென்று கடந்துவிடுகின்றன.

அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் ஊர் திரும்பிய பிறகு தன் குறிப்பேட்டைத் தானே சந்தேகித்தது. பழங்குடி மொழிகளில் ஒலிகள் நிலையில்லாமல் மாறுகின்றன, அது அந்த மொழிகளின் ‘பின்தங்கிய நிலை’ என்று அன்றைய அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போவாஸ் தன் பட்டியலைப் பார்த்தால், ‘உபெர்னிவிக்’ என்ற ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதியிருந்தார். சொன்னவர் மாற்றிச் சொல்லவில்லை; கேட்டவரின் ஜெர்மன் காது தனக்குத் தெரிந்த ஒலிகளுக்குள் அதை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. நம் ‘ழ’வை வெளிநாட்டுக்காரர் ஒருமுறை ‘ல’ என்றும் ஒருமுறை ‘ர’ என்றும் எழுதுவது போல. 1889இல் இதைச் சிறு கட்டுரையாக வெளியிட்டார். குறை மொழியில் இல்லை, குறிப்பெடுப்பவரிடம் இருக்கிறது என்ற அந்த முடிவிலிருந்துதான் அமெரிக்க மானிடவியலின் பிற்கால ஒழுங்கு வந்தது: சொல்பவர் சொன்னதைச் சொன்ன மொழியிலேயே, வரிக்கு வரி எழுது, விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சைபீரியாவைப் பற்றி நன்றாக எழுதியவர்கள் எல்லாம் அரசியல் கைதிகள் என்கிறார்களே? (வாசகர், தூத்துக்குடி)

எல்லாரும் இல்லை, ஆனால் தலையாய மூவர் அப்படித்தான். விளாடிமிர் போகராஸும் விளாடிமிர் யோகெல்சனும் ஜார் எதிர்ப்பு இயக்கத்தில் சிக்கிக் கொலிமா ஆற்றுப் பக்கம் நாடுகடத்தப்பட்டவர்கள். லெவ் ஷ்டெர்ன்பெர்க் 1889இல் ரஷ்யாவின் கிழக்கோரச் சகலின் தீவுக்கு. தண்டனைக் காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டதால் மொழி தானாகவே வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கோடைக்கு வந்துபோகிறவருக்குக் கிடைக்காத மூலதனம் அது.

நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத் தலைவர் மோரிஸ் ஜெசப் பணம் போட, போவாஸ் 1897 முதல் 1902 வரை ஜெசப் வட பசிபிக் பயணத்தை நடத்தினார். அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்களா, இரு கரைக் கதைகளும் ஒத்துப்போகின்றனவா என்பது கேள்வி. சைபீரியப் பக்கத்துக்கு ஆள் கேட்டபோது, பீட்டர்ஸ்பர்க் அறிஞர் ராட்லோவ் பரிந்துரைத்த பெயர்கள் போகராஸ், யோகெல்சன். ரஷ்ய அரசு வெளியே அனுமதிக் கடிதம் கொடுத்தது. உள்ளே, இவர்களைக் கண்காணிக்கும்படி உள்ளூர் அதிகாரிகளுக்கு இரகசியச் சுற்றறிக்கை அனுப்பியது. போகராஸின் சுக்சி நூலும் யோகெல்சனின் கொர்யாக், யுகாகீர் நூல்களும் அதிலிருந்து வந்தவை; மூன்றும் வடகிழக்குச் சைபீரியப் பழங்குடிகளின் பெயர்கள். கரையோரக் கொர்யாக்குகளின் குளிர்கால வீடு பாதி மண்ணுக்குள் இருக்கும். கூரையிலுள்ள புகைப்போக்கித் துளைதான் வாசல். ஏணியில் இறங்கினால் அடுப்புப் புகை மூஞ்சியில் அடிக்கும். அந்தப் புகையில் உட்கார்ந்துதான் குறிப்பெடுத்தார்கள்.

நிவ்க் என்ற மக்களிடம் தாய்மாமன் மகளைக் கட்டும் வழக்கம் உண்டு என்று படித்தேன். நம்மோடு ஏதாவது தொடர்பு? (வாசகி, மதுரை)

இரத்தத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஆய்வு வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு, அது பலருக்குத் தெரியாது.

அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் உலகெங்கும் உறவுமுறைப் பெயர்களைப் படிவம் அனுப்பித் திரட்டி 1871இல் நூலாக்கினார். ஆற்காட்டுப் பகுதியில் இருந்த அமெரிக்க மிஷனரி ஸ்கட்டர் பூர்த்தி செய்து அனுப்பிய தமிழ்ப் படிவம் அதில் முக்கியமானது. வட அமெரிக்காவின் இரோக்குவாய் பழங்குடி முறையும் தமிழ் முறையும் ஒத்திருப்பதைக் கண்டு, உறவுப் பெயர்கள் பழங்காலத் திருமண முறைகளின் எச்சம் என்று மார்கன் பெரிய கொள்கையே கட்டினார். அதை எங்கெல்ஸ் 1884இல் எடுத்தாண்டார். எங்கெல்ஸைப் படித்துவிட்டுச் சகலினுக்குப் போனவர் ஷ்டெர்ன்பெர்க். 1891இல் நிவ்க் குடியிருப்புகளைச் சுற்றி வந்து உறவுப் பெயர்களைக் கேட்டவர், மார்கன் சொன்னது கண்ணெதிரே இருக்கிறது என்று துள்ளினார். அவருடைய அறிக்கையைப் பார்த்து எங்கெல்ஸே 1892இல் கட்டுரை எழுதினார்.

நிவ்க் முறை இதுதான்: ஆண் தாய்மாமன் மகளைக் கட்டலாம், அத்தை மகளைக் கட்டக்கூடாது. ஆகவே பெண் கொடுக்கும் குலம் எப்போதும் கொடுக்கும், எடுக்கும் குலம் எப்போதும் எடுக்கும். திருப்பிக் கொடுக்க வழியில்லாததால் வட்டம் மூட குறைந்தது மூன்று குலம் வேண்டும். மாமன் மகளும் அத்தை மகளும் இருபக்கமும் முறையான நம் ஊரில் இரண்டு குடும்பங்களே மாற்றி மாற்றிக் கொள்ளலாம். வித்தியாசம் அங்கே.

ஷ்டெர்ன்பெர்க் சறுக்கியது எங்கே என்றால், ஒரே உறவுப் பெயரால் பலரை அழைப்பதைப் பார்த்து, ஒருகாலத்தில் அவர்கள் எல்லாருக்கும் பொதுவாகத் திருமணம் நடந்தது என்று முடிவு கட்டியதில். ‘குழு மணம்’ என்ற அந்தக் கொள்கையைப் பின்வந்தவர்கள் கைவிட்டார்கள். பெரியப்பா, சித்தப்பா என்று வாய்நிறைய அழைக்கும் மதுரைக்காரர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அவர் எழுதிவைத்த உறவுப் பட்டியல்கள் மட்டும் இன்றும் பயன்படுகின்றன.

மின்சாரம் இல்லாத இடத்தில் பாட்டை எப்படிப் பதிந்தார்கள்? மெழுகு உருளை என்றால் என்ன? (வாசகர், கோவை)

எடிசன் வகை போனோகிராஃப். சாவி கொடுத்து இயக்கும் சுருள்வில் எந்திரம், அதனால் மின்சாரம் தேவையில்லை. சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், 5 அல்லது 6 சென்டிமீட்டர் விட்டம் கொண்ட உட்குழிந்த மெழுகு உருளை சுழலும். பாடுபவர் குழலுக்குள் வாயைக் கொண்டுபோய்ப் பாடுவார். அதிர்வு ஒரு தகட்டை ஆட்ட, தகட்டோடு இணைந்த ஊசி மெழுகில் பள்ளம் கீறும். சுருண்டு வரும் மெழுகுத் தூளைத் தூரிகையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பதற்கு வேறு முனை, மழுங்கியது. கீறும் முனையையே மறந்து வைத்தால் பதிவு அழிந்தது.

ஓர் உருளைக்கு இரண்டு முதல் நான்கு நிமிடம். இதுதான் பெரிய வில்லங்கம். மணிக்கணக்கில் நடக்கும் ஷாமன் சடங்கில் ஒரு துண்டு மட்டும் கிடைக்கும். பாடுபவர் நேரத்துக்குள் முடிக்க அவசரப்படுவார். மேளம் தட்டி ஆடிக்கொண்டே பாடும் பாட்டைக் குழலுக்கு முன் அசையாமல் நின்று பாடினால் மேளமும் போச்சு, ஆட்டமும் போச்சு. பழைய பதிவுகளைக் கேட்டு “இவர்கள் பாட்டில் தாளமே இல்லையே” என்று நினைத்தால் ஏமாந்தோம்.

சுருள்வில் தளரத் தளர வேகம் குறையும். வேகம் மாறினால் சுருதி மாறும். அதற்காகத் தொடக்கத்தில் ஒரு சுருதிக் குழலை ஊதிப் பதிந்துகொள்வது வழக்கம். பின்னால் கேட்பவர் அந்த ஒலியை வைத்து வேகத்தைச் சரிசெய்வார். சுருதிக் குழல் ஊதாத உருளையில் பாடுபவரின் உண்மையான குரல் உயரம் தெரிய வழியில்லை. குளிரில் எண்ணெய் இறுகி எந்திரம் திக்கும், மெழுகு நொறுங்கும். வெளியிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஈரம் படியும். ஈரம் பட்டால் பூஞ்சை. ஒவ்வொரு முறை போட்டுக் கேட்கும்போதும் பள்ளம் தேயும். பெர்லினில் 1900இல் தொடங்கிய ஒலிக்காப்பகம் செம்பில் எதிர்ப்படிவம் எடுத்தது. அதை எடுக்கும்போது மூல மெழுகு அழியும், ஆனால் செம்பிலிருந்து வேண்டிய அளவு நகல் வார்க்கலாம். மெழுகை வழித்துத் தேய்த்து மறுபடி பதியவும் முடியும். காசு மிச்சம் பிடிக்க அப்படிச் செய்ததில் போன பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை.

பெண்கள் யாரும் இந்த வேலையில் இல்லையா? (வாசகி, சேலம்)

இருந்தார்கள், பெயர் அட்டையில் வரவில்லை. யோகெல்சனோடு போன அவர் மனைவி டீனா யோகெல்சன்-பிராட்ஸ்கி மருத்துவம் படித்தவர். உடல் அளவெடுப்பும் புகைப்பட வேலையில் பெரும்பகுதியும் அவருடையவை. 

டென்மார்க் ஓவியர் எமிலி டெமாண்ட் ஹாட் வேறு வகை. சாமி மொழியைக் கற்றுக்கொண்டு 1907-08இல் சாமிக் குடும்பங்களோடு கூடாரத்திலேயே வாழ்ந்து, மந்தையோடு மலை கடந்தார். சமையல், தையல், பிள்ளை வளர்ப்பு பற்றி ஆண் ஆய்வாளர்கள் ஒரு பத்தியில் முடித்ததை அவர் பக்கம் பக்கமாக எழுத முடிந்தது, ஏனென்றால் அந்த வேலைகளை அவரே செய்தார்.

அந்த மக்களே தங்களைப் பற்றி எழுதியதில்லையா? எப்போதும் வெளியாள்தானா? (வாசகர், யாழ்ப்பாணம்)

எழுதினார்கள், நாம் நினைப்பதைவிட முன்பே. கிரீன்லாந்தில் டேனிஷ் நிர்வாகி ஹின்ரிஹ் ரிங்க் 1858இல் ஊரூராக அறிக்கை அனுப்பினார்: உங்கள் பழங்கதைகளை எழுதி அனுப்புங்கள், படமும் வரைந்து அனுப்புங்கள். காங்கெக் என்ற ஊரில் காசநோயால் படுக்கையில் கிடந்த கடல்நாய் வேட்டைக்காரர் ஆரோனுக்குத் தாளும் வண்ணமும் அனுப்பிவைத்தார். ஆரோன் படுக்கையிலிருந்தபடியே கதை எழுதினார், நீர்வண்ணத்தில் வரைந்தார், மரக்கட்டையில் செதுக்கினார். 1859 முதல் கிரீன்லாந்து மொழியிலும் டேனிஷிலும் நான்கு தொகுதிகளாக அவை அச்சாயின. அச்சகம் கிரீன்லாந்திலேயே இருந்தது, 1861இல் அங்கிருந்தே ‘அட்டுவாகாக்டிலியுட்டிட்’ என்ற செய்தித்தாளும் வந்தது.

சாமி பக்கம் யோஹான் தூரி. ஓநாய் வேட்டைக்காரர். எமிலி டெமாண்ட் ஹாட்டின் துணையோடு 1910இல் வெளியிட்ட ‘முயித்தாலுஸ் சாமிட் பிர்ரா’, சாமி மொழியில் சாமி ஒருவர் எழுதிய முதல் சமயம் சாராத நூல். ரெண்டீர் மந்தையை எப்படிப் பிரிப்பது, எந்தப் பனியில் மேய்ச்சல் கிடைக்காது, எந்த நோய்க்கு என்ன வைத்தியம் என்று தொழில் தெரிந்தவன் கை. அச்சிடக் காசு கொடுத்தவர் கிருணா இரும்புச் சுரங்கத்தின் மேலாளர் ஹியால்மார் லுண்ட்போம். சாமி மேய்ச்சல் நிலத்தில் எழுந்த சுரங்கம் அது. தூரி நூல் எழுதியதோ தன் மக்களின் நிலை அதிகாரிகளுக்குப் புரியட்டும் என்று.

ராஸ்முசென் நாய்வண்டியிலேயே அலாஸ்கா வரை போனாராமே? (வாசகர், விருதுநகர்)

போனார். ஐந்தாம் தூலே பயணம், 1921 முதல் 1924 வரை. டேனிஷ் ஆய்வாளரான க்னுட் ராஸ்முசென் கிரீன்லாந்தில் பிறந்து வளர்ந்தவர், அவர் தாய்வழியில் கிரீன்லாந்து இரத்தம் உண்டு. கிரீன்லாந்து மொழியும் நாய்வண்டியும் சின்ன வயதிலேயே கைவந்தவை. 1910இல் வடமேற்குக் கிரீன்லாந்தின் தூலேயில் அவர் தொடங்கிய வியாபார நிலையத்தின் இலாபம் பயணங்களுக்குச் செலவானது. ஹட்சன் விரிகுடா வடக்கிலிருந்து மேற்கே அலாஸ்காவின் நோம் வரை அவரோடு போனவர்கள் இருவர், அர்னருலுங்குவாக் என்ற பெண்ணும் காவிகார்சுவாக் என்ற இளைஞரும். தையல் இல்லாமல் ஆர்க்டிக்கில் ஒரு வாரம் தாங்காது. கிழிந்த தோலாடையில் காற்று புகுந்தால் விறைப்புதான். ஆகவே அர்னருலுங்குவாக்கின் ஊசி பயணத்தின் அடிப்படைச் சாமான்களில் ஒன்று. ராஸ்முசென் பெரிங் நீரிணை தாண்டிச் சைபீரியக் கரைக்கும் போய்ப் பார்த்தார். சோவியத் அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கனடாவின் நெட்சிலிக் இனுயிட் மக்களிடையே ஒரு சிறுவனின் உடையில் 80 தாயத்துகள் தைத்திருந்ததை அவர் விவரித்திருக்கிறார். தாயத்துகளை விலைக்குக் கேட்டபோது, பொருள் கைமாறினாலும் அதன் சக்தி சொந்தக்காரரிடமே தங்கும் என்று பேசிச் சம்மதிக்க வைத்தார். அது வியாபாரியின் சாமர்த்தியமா, நம்பிக்கைக்குக் கொடுத்த மதிப்பா என்பது இன்றும் விவாதம். கிரீன்லாந்து மொழி கனடா கடந்தும் புரிந்தது என்ற அவர் அனுபவம், இனுயிட் மொழி ஒரே தொடர் என்பதற்கு வலுவான சான்று. அவர் பதிந்த பாட்டுகள் டேனிஷில் மிக அழகாக இருக்கின்றன. கொஞ்சம் அதிகமாகவே அழகு. மெருகு ராஸ்முசென் கை. மூல வரிகளும் அறிக்கைத் தொகுதிகளில் இருக்கின்றன, ஒப்பிட்டுப் படியுங்கள்.

எஸ்கிமோ என்று எழுதலாமா? (வாசகர், ஈரோடு)

கனடா, கிரீன்லாந்து மக்களுக்கு ‘இனுயிட்’. அலாஸ்காவில் யூபிக் மக்கள் இனுயிட் அல்லர், அவர்களை யூபிக் என்றே எழுதுங்கள். நூலகத்தில் தேடும்போது மட்டும் பழைய பெயர்கள் வேண்டும்: லாப் என்றால் சாமி, கிலியாக் என்றால் நிவ்க், துங்குஸ் என்றால் பெரும்பாலும் எவெங்கி, ஓஸ்ட்யாக் என்றால் பெரும்பாலும் காந்தி, கம்சடால் என்றால் இட்டெல்மென். பழைய பெயரில் தேடாவிட்டால் பாதி நூல்கள் கண்ணில் படா.

அருங்காட்சியகத்தில் மனிதர்களையே வைத்திருந்தார்கள் என்பது நிஜமா? (வாசகி, தஞ்சாவூர்)

நிஜம். 1897இல் துருவப் பயணி ராபர்ட் பியரி வடமேற்குக் கிரீன்லாந்திலிருந்து ஆறு பேரைக் கப்பலில் நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். குளிர்காலத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவாருங்கள், சாவகாசமாகக் கேட்டு எழுதலாம் என்று யோசனை சொன்னவர் போவாஸ். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் அவர்களைத் தங்கவைத்தார்கள். புதிய நகரத்தின் கிருமிகளுக்கு அவர்கள் உடலில் எதிர்ப்பு இல்லை. சில மாதங்களில் நால்வர் இறந்தார்கள். கிசுக் என்பவர் இறந்ததும் அவருடைய சிறு மகன் மினிக்குக்காகத் தோட்டத்தில் ஓர் அடக்கச் சடங்கு நடந்தது. துணி சுற்றிப் புதைத்தது மரக்கட்டையை. எலும்புக்கூடு உள்ளே சேகரிப்பில் போனது. மினிக் வளர்ந்த பின் தெரிந்து கேட்டார், கொடுக்கவில்லை. 1918இல் அவரும் காய்ச்சலில் இறந்தார். நால்வரின் எலும்புகளும் 1993இல்தான் கிரீன்லாந்தின் கானாக்கில் அடக்கமாயின.

திரும்பக் கொடுத்த கணக்கும் உண்டு. டென்மார்க் 1982 முதல் 2001 வரை கிரீன்லாந்துக்குச் சுமார் 35,000 பொருள்களை அனுப்பியது. முதலில் போனவற்றில் ஆரோனின் நீர்வண்ணங்கள் இருந்தன. ஸ்வீடனின் லிக்செலேயில் 2019 ஆகஸ்டில் 25 சாமி மண்டையோடுகள் மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. நார்வேயில் 1691இல் ஆண்டர்ஸ் போல்சன் என்ற சாமியிடமிருந்து பறித்த மேளத்தின் உரிமை, டென்மார்க்கிடமிருந்து 2022இல் நார்வேயின் காரஷோக்கிலுள்ள சாமி அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது.

நீலகிரிக்கும் இந்த ஆர்க்டிக் ஆய்வுக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், குன்னூர்)

ஆசிரியர்-மாணவர் வழியில் உண்டு. போவாஸின் மாணவர் எட்வர்ட் சபீர் 1910 முதல் 1925 வரை ஒட்டாவாவில் கனடா அரசின் மானிடவியல் பிரிவை நடத்தினார். பின்பு யேலில் அவரிடம் படித்த கனடாக்காரர் எம். பி. எமனோ, சபீர் தூண்ட 1935இல் இந்தியா வந்து மூன்று ஆண்டு தோடர், கோத்தர் மொழிகளை எழுதினார். கோத்தர் கதைகளை ஒருவர் சொல்லச் சொல்ல அதே மொழியில் வரிக்கு வரி எழுதிப் பெயர்த்து வெளியிட்டது, போவாஸ் வகுத்த அதே முறை. திராவிட மொழியியலில் எமனோவின் இடம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கல்லூரியில் இதையே ஆய்வாக எடுக்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது? (மாணவி, சென்னை)

பழைய நூலைக் கையில் எடுத்ததும் முன்னுரையிலிருந்து நான்கு தகவல்களைத் தனித்தாளில் எழுதுங்கள்: எந்த மாதங்களில் இருந்தார், யார் மொழிபெயர்த்தார், பணம் யாருடையது, சொன்னவர்கள் யார் யார். மாதம் மிக முக்கியம். இனுயிட்கள் கோடையில் சிறு குடும்பங்களாகக் கூடாரங்களில் பிரிந்திருப்பார்கள், குளிர்காலத்தில் சேர்ந்திருப்பார்கள். கூட்டுச் சடங்குகள் நடப்பது அப்போதுதான். கப்பலில் கோடைக்கு வந்து திரும்பியவர் “இவர்களுக்குச் சமயச் சடங்கு குறைவு” என்று எழுதியிருந்தால் காரணம் நாட்காட்டியில் இருக்கிறது.

வரைபட முறையையும் படியுங்கள். கனடாவில் 1973இல் தொடங்கி 1976இல் மூன்று தொகுதிகளாக வந்த இனுயிட் நிலப் பயன்பாட்டு ஆய்வில், வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் 1:5,00,000 அளவு நிலப்படத்தில் தாம் வாழ்நாளில் எங்கே எதை வேட்டையாடினார் என்று கோடு போட்டார். காலகட்டம் வாரியாகத் தனித்தனி. ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்தப் படங்களை அடுக்கியபோது, ‘ஆளில்லாத வெளி’ என்று அரசு எண்ணியிருந்த நிலமெல்லாம் கோடுகளால் நிரம்பியது. நில உரிமைப் பேச்சில் அதுதான் ஆதாரம்; 1999இல் நுனாவுட் பிரதேசம் உருவானதற்கு அடித்தளங்களில் ஒன்று.

செய்யக் கூடாததற்குப் பாடம் அலாஸ்காவின் பேரோ (இப்போது பெயர் உட்கியாக்விக்). 1979இல் குடிப்பழக்கம் பற்றி நடந்த ஆய்வின் முடிவை, ஊரார் பார்த்துப் பேசுவதற்குள் 1980இல் ஃபிலடெல்ஃபியாவில் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். ஊரே குடிகாரர் கூட்டம் என்று தலைப்புகள் வந்தன. அதன் பிறகு அந்தப் பக்கத்து மக்கள் ஆய்வாளர் என்றாலே கதவைச் சாத்தியதில் வியப்பில்லை.

களத்துக்கே போவதானால் நுனாவுட்டில் உரிமம் இல்லாமல் ஒரு பேட்டிகூட எடுக்க முடியாது. இக்காலுவிட்டிலுள்ள நுனாவுட் ஆய்வு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது சம்பந்தப்பட்ட ஊர்களின் கருத்தைக் கேட்கும். ஆய்வுச் சுருக்கம் எளிய ஆங்கிலத்திலும் இனுயிட் மொழியான இனுக்டிடட்டிலும் தேவை. மொழிபெயர்ப்புக்கு ஆகும் நாளையும் காசையும் செலவுத் திட்டத்தில் முதல் வரியாகவே போட்டுவிடுங்கள், அதை மறந்தால் விண்ணப்பம் தாமதமாகலாம்.